பளபள தரையை பாழாக்கும் ஆசிட்... காட்டிக் கொடுக்கும் எலுமிச்சம்பழம்!

திருச்சி:-

லட்சக்கணக்கில் செலவு செய்து வீடு முழுக்க மார்பிள் போடுகிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள், "சிமெண்ட் கறை போகட்டும்" என்று ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்றிக் கழுவுகிறார்கள். கறை போகிறது. கூடவே கல்லின் பளபளப்பும் போய் விடுகிறது. அதன்பிறகு கல் விற்றவரிடமும், பாலிஷ் போட்டவரிடமும் சண்டை போட்டு பிரயோஜனம் இல்லை. எந்தக் கல்லுக்கு எது ஆகாது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் இந்த நஷ்டம் வராது. அதன் விவரம் வருமாறு:-

மலைக்கோட்டையா, டால்மியாபுரமா?

கடைக்குப் போனால் கல்லுக்கு நூறு பெயர் சொல்வாங்க. பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். 'காஷ்மீர் ஒயிட்' என்று ஒரு கிரானைட் உண்டு. பெயர்தான் காஷ்மீர், கல் நம்ம மதுரை மேலூர் பக்கத்தில் வெட்டியது!

வீட்டுத் தரைக்குப் போடுகிற கற்களில் பெரும்பாலானவை இரண்டே குடும்பத்தில் அடங்கி விடும். அந்த இரண்டுமே நம்ம திருச்சி பக்கம் இருக்கு. ஒன்று, மலைக்கோட்டை போல பூமியின் ஆழத்தில் பெரும் சூட்டில் உருவான கடினப் பாறை. கிரானைட் எல்லாம் இந்த வகை. இன்னொன்று, டால்மியாபுரம், அரியலூர் பகுதிகளில் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டுகிற சுண்ணாம்புக்கல். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பகுதி கடலாக இருந்தது. அப்போது சிப்பி, கிளிஞ்சல் எல்லாம் படிந்து இறுகியதுதான் இந்தக் கல். அரியலூர் பக்கம் கல்லாகிப் போன சிப்பிகள் இன்றைக்கும் கிடைக்கின்றன.

ஆந்திராவில் இருந்து வரும் கடப்பா கல், ராஜஸ்தானில் இருந்து வரும் கோட்டா கல் இரண்டும் சுண்ணாம்புக்கல்தான். மார்பிள் என்பது அதே சுண்ணாம்புக்கல் பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் மாறியது. தாஜ்மகாலுக்கு எடுத்த மக்ரானா மார்பிளும் இதில் அடக்கம்.

இந்த டால்மியாபுரம் குடும்பத்துக்கு புளிப்பு என்றாலே ஆகாது. எலுமிச்சை, புளி, தயிர், வினிகர், டாய்லெட் கழுவுற திரவம் எது பட்டாலும் மேல்பரப்பு அரித்து, அந்த இடம் மட்டும் மங்கிப் போகும். அது கறை இல்லைங்க, காயம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஆசிட் பற்றி சொல்லவே வேண்டாம்.

சொட்டு எலுமிச்சை போதும்

கடையில் 'இது கிரானைட்தான்' என்று சொன்னால் ஒரு சாம்பிள் துண்டு கேட்டு வாங்குங்க. ஆணியால் லேசாகச் சுரண்டி, அந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்க. சின்னச் சின்ன குமிழி வந்தாலோ, கால் மணி நேரம் கழித்து துடைத்தால் தடம் தெரிந்தாலோ அது சுண்ணாம்பு குடும்பம். ஒன்றுமே ஆகவில்லை என்றால் கிரானைட் வகை. போட்டு முடித்த தரையில் இந்த சோதனையை செய்து பார்க்காதீங்க.

கருப்பு கிரானைட் வாங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சாம்பல் நிறக் கல்லுக்கு சாயம் ஏற்றி கருப்பு என்று விற்பதும் உண்டு. வெள்ளைத் துணியில் நெயில் பாலிஷ் ரிமூவர் நனைத்து தேய்த்தால், துணியில் கருப்பு ஒட்டிக்கொண்டு சாயம் வெளுத்து விடும்.

அப்படியே ஒரு சொட்டு தண்ணீரையும் விட்டு 10 நிமிடம் பாருங்க. அந்த இடம் கருத்தால் கல் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம். எண்ணெயையும் குடிக்கும். சமையலறை, பூஜை அறைக்கு அந்தக் கல்லைப் போடுவதாக இருந்தால் 'சீலர்' அடித்தே ஆக வேண்டும். மேலே சொன்ன காஷ்மீர் ஒயிட் கூட தண்ணீர் குடிக்கிற ரகம்தான். பலகையின் பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் அது விரிசலைத் தாங்குவதற்காக ஒட்டியது. வாங்கக்கூடாது என்று இல்லை, ஆனால் கேட்டு, விலையைப் பேசி வாங்குங்க.

இயற்கைக் கல் என்பதால் ஒரு பலகை மாதிரி இன்னொன்று இருக்காது. எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்த பிறகு ஒட்டச் சொல்லுங்க. 10 சதவீதம் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. வெள்ளை மார்பிளுக்கு வெள்ளை சிமெண்ட்தான் போட வேண்டும். சாதா சிமெண்ட் போட்டால் அடியில் இருந்து நிழல் போல தெரியும்.

காவிரி மணலும் எதிரிதான்

அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு, காலில் ஒட்டிய மணலோடு வீட்டுக்குள் நுழைகிறோம். அந்த மணல், மார்பிளை விட பல மடங்கு கடினம். மார்பிளின் கடினத்தன்மை 3 என்றால் மணலுக்கு 7. ஒவ்வொரு அடியும் உப்புத்தாள் போட்டு தேய்க்கிற கதைதான். வாசலில் இரண்டு மிதியடி, தினமும் ஒரு முறை பெருக்குதல், அதற்குப் பிறகு ஈரத்துணி. பெருக்காமல் 'மாப்' போட்டால் மணலை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போவதுதான் மிச்சம்.

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் தரைக்கு அடியில் இருந்து ஈரம் ஏறி, கல் இணைப்புகளில் வெள்ளையாக உப்பு பூக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும். இதற்கும் ஆசிட் வேண்டாம். புதிதாகப் போட்ட தரை நன்றாகக் காய்வதற்கு முன் சீலர் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கதவை மூடிக்கொண்டு பாத்ரூம் கழுவுபவர்களுக்கு மூச்சுத்திணறி உயிருக்கே ஆபத்து.

தாத்தா, பாட்டி இருக்கும் வீடா?

பாத்ரூம், மாடிப்படி, கிணற்றடி இந்த மூன்று இடத்திலும் பாலிஷ் போட்ட கல் வேண்டவே வேண்டாம். ஒரு முறை வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால் வயதானவர்கள் எழுந்து நடமாட மாதக்கணக்கில் ஆகும். நெருப்பு காட்டி சொரசொரப்பாக்கிய 'பிளேம்டு' கிரானைட் கிடைக்கிறது. பார்க்க அழகு குறைவுதான், பரவாயில்லை. திறந்த மாடிக்கு கருப்புக் கல்லும் ஆகாது. கோவில் பிரகாரத்தில் கத்திரி வெயிலில் வெறுங்காலோடு ஓடியவர்களுக்கு காரணம் சொல்லத் தேவையில்லை.

கறைக்கு கைவைத்தியம்

தினசரி துடைக்க தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டால் போதும். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முறை. போர்வெல் தண்ணீர் என்றால் காய்ந்த துணியாலும் துடைத்து விடுங்க, இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டு விழும்.

விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் கொட்டிய இடத்தில் சமையல் சோடாவை கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்க. எண்ணெயை மேலே இழுத்து விடும். ஒரே தடவையில் போகாவிட்டால் மறுபடியும் செய்யலாம். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவப்பாக மாறும். பதற வேண்டாம், மஞ்சளின் குணமே அதுதான். வெயில் படுகிற இடமாக இருந்தால் நாளடைவில் தானாகவே வெளுத்து விடும்.

மார்கழியில் கோலத்துக்கு கரைக்கும் காவி, வெளிர் நிறக் கல்லில் இறங்கினால் எடுப்பது கஷ்டம். வாசலுக்கு கருங்கல்லே உத்தமம். கேஸ் சிலிண்டரின் அடி வளையம் விடுகிற துரு வட்டமும் அப்படித்தான். சிலிண்டரை பிளாஸ்டிக் சக்கர வண்டியில் வைத்து விடுங்க. கடப்பா கல் கருப்பாகத் தெரிய தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கமும் நல்லதல்ல. நாலு நாளில் தூசி எல்லாம் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும்.

ஏற்கனவே ஆசிட் ஊற்றி மங்கிய மார்பிளுக்கு மெஷின் வைத்து மறுபடி பாலிஷ் போடலாம். மேல்பரப்பை லேசாகச் சீவி எடுப்பதால் பளபளப்பு திரும்பி விடும். கிரானைட்டுக்கு இதே வேலை கடினம், செலவும் கூடுதல். எதுவானாலும் சாமான்களை எல்லாம் வெளியே எடுக்க வேண்டும், வீடு முழுக்க சேறு மாதிரி தண்ணீர் ஓடும். பிள்ளைகளுக்கு பரீட்சை நடக்கும் மாதத்தில் ஆள் கூப்பிட்டு விடாதீங்க!