பல் இல்லாத இடத்தில் ஓர் இரும்பு

குதிரையின் வாய்க்குள் முன்னால் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பற்கள். உள்ளே வெகுதூரம் தள்ளி, புல்லை அரைக்கும் கடைவாய்ப்பற்கள். இரண்டுக்கும் நடுவே வெறும் ஈறு. ஆண் குதிரைக்கு அந்த இடைவெளியின் முன்பக்கமாகக் கோரைப்பற்கள் இருக்கும், அவ்வளவுதான். சவாரி செய்பவர் வாங்கும் கடிவாளத்தின் இரும்பு வந்து உட்காருவது இந்த இடத்தில்.

பல் இல்லை என்பதற்காக அங்கே இடம் காலியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வாயை மூடியதும் நாக்கு ஏறத்தாழ முழுவதையும் நிரப்பி மேலண்ணத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். இரும்பு நுழைந்தால் நாக்குத்தான் நசுங்கி வழிவிட வேண்டும். நாக்கின் இரு புறமும் கீழ்த்தாடை எலும்பின் விளிம்பு ஓடுகிறது. அதன் மேல் சதைப்பற்று கிடையாது, மெல்லிய ஈறு மட்டுமே. நம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மீது ஒரு கம்பியை வைத்து அழுத்திப் பார்த்தால் குதிரையின் நிலை புரியும்.

மெல்லிய கம்பி வெட்டும், தடித்த கம்பி மென்மையானது என்பது குதிரைக்காரர்களின் பழைய நம்பிக்கை. கணக்கு சரிதான்: பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். ஆனால் தடித்த இரும்பை வைக்க வாயில் இடம் வேண்டுமே! ஃபின்லாந்தில் குறுக்குநாட்டுப் போட்டி முடித்த குதிரைகளின் வாயைச் சோதித்த ஆய்வில், 10 முதல் 13 மி.மீ. வரையிலான மெல்லிய இரும்பு அணிந்தவற்றுக்கும், 18 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ள தடித்த இரும்பு அணிந்தவற்றுக்கும் மோசமான புண்ணுக்கான வாய்ப்பு அதிகமாக இருந்தது. 14 முதல் 17 மி.மீ. வரை அணிந்தவை ஓரளவு தப்பின. அதே நாட்டில் 2019இல் வெளியான இன்னோர் ஆய்வு, வண்டி இழுத்து ஓடும் 261 பந்தயக் குதிரைகளைப் பார்த்தது. ஓட்டம் முடிந்ததும் 84 சதவீதத்தின் வாயில் புதுக் காயம். பெரும்பாலான காயங்கள் வெளியே தெரிவதில்லை. வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தால்தான் உண்டு.

வடிவத்துக்கு வருவோம். ஸ்நாஃபிள் என்பது எளிய வகை: இருபுறமும் வளையம், வார் இழுக்கும் அளவே வாயில் விழும். கர்ப் வகையில் வளையத்துக்குப் பதில் நெம்புகோல். இரும்புக்கு மேலே 5 செ.மீ., கீழே 10 செ.மீ. கை என்று வைத்துக்கொள்வோம். கீழ்முனையில் செங்கோணத்தில் ஒரு கிலோ இழுத்தால், மேல்முனையோடு பிணைத்த சங்கிலி தாடையின் அடியை இரண்டு கிலோ விசையில் நெரிக்கும். இரண்டும் சேர்ந்து வாய்க்குள் இருக்கும் இரும்பில் மூன்று கிலோ! விரலசைவில் பேசத் தெரிந்தவர் கையில் அது நுட்பமான கருவி. நிலைதடுமாறும்போது வாரைப் பிடித்துத் தொங்கும் புதியவருக்கு அதைக் கொடுப்பது, என் கருத்தில், குதிரைக்குச் செய்யும் கொடுமை.

அகலம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உதட்டோரத்தை வளையம் கிள்ளக் கூடாது, இரும்பு பக்கவாட்டில் வழுக்கியோடவும் கூடாது. கடைவாய்ப்பற்களுக்குச் சற்று முன்னே சில குதிரைகளுக்கு ஒரு குட்டிப்பல் முளைத்திருக்கும். அதில் இரும்பு இடித்தால் குதிரை தலையை உதறும். 'அடங்காத குதிரை' என்று பெயர் சூட்டிக் கடுமையான கடிவாளத்துக்கு மாற்றுமுன், கால்நடை மருத்துவரை அழைத்து அதைப் பார்க்கச் சொல்லலாம்.

மூட்டு வைத்த இரும்பா, ஒரே கம்பியா என்ற வாதம் கிரேக்கத்திலேயே தொடங்கிவிட்டது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய செனபோன், வழவழப்பானது ஒன்று, முரடானது ஒன்று என இரண்டு கடிவாளமாவது வைத்திருக்கச் சொல்கிறார். எதுவானாலும் வளைந்து கொடுக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. விறைத்த கம்பியைக் குதிரை பல்லால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். சங்கிலிபோல் ஆடுவதை ஒரு பக்கம் கவ்வினால் மறுபக்கம் நழுவும். அதைத் துரத்தும் நாக்கு, கவ்வியதை விட்டுவிடும். இன்று கடைகளில் விற்கும் இரட்டை மூட்டு ஸ்நாஃபிளின் பின்னாலும் இந்தக் கணக்கு இருக்கிறது. நடுத்துண்டு நாக்கின் மேல் தட்டையாகப் படிவது கூடுதல் வசதி.