விழுந்தார் என்றால் கேள்வி கேட்போம்

“வயது போனால் விழத்தானே செய்வார்கள்.” முதியோர் இல்லத்திலிருந்து இப்படி ஒரு செய்தி வந்தால், மண்டூர்ப் பக்கத்தில் நாம் பெரும்பாலும் மறுகேள்வி கேட்பதில்லை.

1990இலும் 2007இலும் படுவான்கரையை விட்டு இடம்பெயர்ந்தபோது முதியோரையும் அழைத்துக்கொண்டே அலைந்தோம். இன்று பிள்ளைகள் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைக்க, ஆச்சியையோ அப்புவையோ இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை சில குடும்பங்களுக்கு வந்துள்ளது. சேர்த்துவிட்டோம் என்பதால் கேட்கும் உரிமை போய்விடாது.

வயல் வரம்பில் வழுக்காது நடந்த கால்கள் சீமெந்துத் தரையில் ஏன் வழுக்குகின்றன? ஈரத் தரை, இரவில் வெளிச்சமில்லாத மலசலகூடம், பிடிகம்பி இல்லாத சுவர், மங்கிய கண், தலைசுற்ற வைக்கும் பிரசர் மாத்திரை, நித்திரை மாத்திரை ஆகியவை முக்கிய காரணங்கள். இவற்றிற் பலவற்றைச் சிறு செலவில் திருத்தலாம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. உயிரிழப்போரில் முதியோரே அதிகம்.

எல்லா விழுகையும் கவனயீனம் அல்ல. நன்றாகப் பராமரிக்கும் இடத்திலும் முதியவர் விழலாம். ஆனால் முன்பே ஒருமுறை விழுந்தவர் என்று தெரிந்தும் ஏற்பாடு செய்யாதது, கூப்பிட்டும் ஆள் வராதது, வைத்தியரிடம் காட்டாதது, குடும்பத்துக்கு மறைத்தது ஆகியவை கவனயீனமே. இரவில் ஒரே பணியாளர் பலரைப் பார்க்க வேண்டியிருந்தால், பிழை அவருடையது மட்டுமல்ல, நிர்வாகத்தினுடையதும்தான்.

விழுந்தவரின் கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். தூக்கி நடத்த வேண்டாம். அசைக்காது, 1990 இலக்க அம்புலன்சை அழையுங்கள். தலையில் அடிபட்டிருந்தால், நன்றாகப் பேசினாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பின்னர் எங்கே, எத்தனை மணிக்கு, யார் கண்டார், எப்போது வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். விழுந்த இடத்தை நேரிற் பாருங்கள். வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் விழுந்தவரிடமே கேளுங்கள்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கவே இயற்றப்பட்டது. நிர்வாகம் பதில் தராவிட்டால், இல்லம் அமைந்துள்ள பிரதேச செயலகத்தில் எழுத்தில் முறையிடலாம். வழி தெரியாத மண்டூர் மக்கள் வெல்லாவெளியிலுள்ள பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்கடி போய்ப் பார்ப்போம். உறவினர் வந்து போகும் கட்டிலை யாரும் எளிதில் மறப்பதில்லை.