சட்டை சுருங்கியதா? பையன் வளர்ந்தானா?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், அரியாங்குப்பத்தைத் தாண்டினால் தவளக்குப்பம் வரும். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில், எல்லா ஊரையும் போல அங்கும் தாய்மார்கள் போன வருஷத்துச் சட்டையை எடுத்துப் பையனுக்குப் போட்டுப் பார்ப்பார்கள். பொத்தான் எட்டாது! "சட்டை சின்னதாகிவிட்டது" என்பார்கள்.

உண்மையில் சட்டை அப்படியேதான் இருக்கிறது. பையன்தான் வளர்ந்துவிட்டான். ஆங்கிலத்தில் இதைப் பையன் பக்கமிருந்து சொல்கிறார்கள்: "ஹீ ஹாஸ் குரோன் அவுட் ஆஃப் ஹிஸ் ஷர்ட்."

'குரோ' என்றால் வளர்வது. 'அவுட் ஆஃப்' என்றால் ஒன்றிலிருந்து வெளியே. இரண்டும் சேர்ந்தால், வளர்ந்ததால் ஒன்று பொருந்தாமல் போயிற்று என்று பொருள். செருப்புக்கும் சொல்லலாம், சைக்கிளுக்கும் சொல்லலாம்.

பழக்கத்துக்கும் உண்டு

விரல் சூப்பிய குழந்தை, வயது ஏற ஏறத் தானே அதை விட்டுவிடுகிறது. இருட்டைக் கண்டு அழுத பிள்ளை, பிறகு பயப்படுவதில்லை. இதற்கும் அதே சொல்தான்.

இன்னொரு பொருள்

ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றி வளர்வதையும் இச்சொல் குறிக்கும். 1674-ல் பிரெஞ்சுக் கம்பெனியார் அமைத்த வணிகத் தலத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய புதுச்சேரி நகரம். இங்கே பொருந்தாமை என்ற பேச்சே இல்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

தாய்மார்கள் கவனிக்க!

"ஹீ வில் குரோ அவுட் ஆஃப் இட்" என்று டாக்டர் சொன்னால், "வளர வளரச் சரியாகிவிடும்" என்று அர்த்தம். படுக்கையில் சிறுநீர் கழிப்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித்தான் நின்றுவிடுகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இதையே சொல்லிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பிறந்த சில மாதங்கள் வரை குழந்தையின் கண் அலைவது உண்டு. நாலு மாதத்துக்குப் பிறகும் கண் விலகி நின்றால், கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். விலகிய கண் காட்டும் காட்சியை மூளை ஒதுக்கிவிடும். நாளடைவில் அந்தக் கண்ணின் பார்வையே மங்கிவிடும். சிறு வயதிலேயே கண்ணாடி போட்டோ, நல்ல கண்ணை மூடிப் பயிற்சி கொடுத்தோ, தேவையானால் ஆபரேஷன் செய்தோ சரிசெய்யலாம்.

சின்னதான சட்டைக்கு வேறு சட்டை தைத்துக்கொள்ளலாம். பார்வை போனால் அப்படி வாங்க முடியுமா?