தொட்டிக்குள் ஒரு பள்ளத்தி



பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி நம்மில் பலர் வீட்டில் மீன்தொட்டி வைக்கிறோம். தொட்டியும் மீனும் ஒரே நாளில் வந்து சேருகின்றன. இரண்டாம் வாரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாய்ச் செத்து மிதக்க, பிள்ளை அழுகிறது. நாமோ கடைக்காரரைக் குறை கூறுகிறோம். பெரும்பாலும் குற்றம் நம்முடையதே. வீட்டுக்குள் கொண்டுவந்த ஜீவனுக்கு நாம் பொறுப்பாளிகள். நீதிமொழிகள் 12:10-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள்.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு ஏற்ற மீன் பள்ளத்தி. பொரிப்பதற்கென்று சந்தையில் வாங்குகிறோமே, அதுவேதான்! இது சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. கலிலேயக் கடலில் 'பேதுருவின் மீன்' என்று அழைக்கப்படுவதும் இக்குடும்பமே. இந்திய நீர்நிலைகளுக்கு இயற்கையாய் உரிய சிக்லிட்டுகள் மூன்றே. அவற்றுள் ஒன்றான கரிமீன், 2010-இல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அது பெரிதாக வளரும், வீட்டுத் தொட்டிக்கு ஆகாது. பள்ளத்தியோ ஏறத்தாழ மூன்று அங்குலமே.

ஒரு ஜோடிக்கு 80 முதல் 100 லிட்டர் தண்ணீர் வேண்டும். அத்தொட்டி நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் உறுதியான மேசை அவசியம். குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். அது மீனின் செவுள்களையும் அரிக்கும். வாளியில் பிடித்து ஒருநாள் முழுவதும் திறந்து வைத்த பின்னரே ஊற்றுங்கள்.

அடுத்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது கொடிய விஷம். வடிகட்டியில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை பொறுமையோடு காத்திருங்கள். அல்லது ஓரிரு மீன்களை மட்டும் விட்டு, அடிக்கடி சிறிது தண்ணீரை மாற்றுங்கள். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் அலசினால் அந்நுண்ணுயிர்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள். பின்னர் வாரந்தோறும் கால்பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். கையை உள்ளே விடுமுன் மின்இணைப்பைத் துண்டிக்க மறவாதீர்கள்.

இவ்வளவு சிரமமும் வீண்போகாது. பள்ளத்தி முட்டையிட்டால் தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் காக்கும். செட்டைகளால் விசிறிக் கொடுக்கும். பொரித்த குஞ்சுகள் பெற்றோரின் உடல்மேல் சுரக்கும் வழுவழுப்பைக் கொத்தித் தின்று வளரும். அந்நாட்களில் அவை பிற மீன்களைத் துரத்திக் கடிக்கும். ஆகவே ஜோடியைத் தனியே வையுங்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாகர்கோவிலுக்கோ நெல்லைக்கோ செல்லும்போது, அண்டை வீட்டாரிடம் தீனி டப்பாவை ஒப்படைத்து விடாதீர்கள். வளர்ந்த மீன் நான்கு நாட்கள் பட்டினி தாங்கும். அள்ளிப் போட்ட தீனி அழுகினால் தாங்காது.

வீடு மாறும்போது சிலர் மீன்களைக் கரமனை ஆற்றிலோ ஆக்குளம் காயலிலோ விட்டுவிடுகின்றனர். இது இரக்கம்போல் தோன்றும் தீங்கு. 2018-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அராபைமா முதலிய அந்நிய மீன்கள் அகப்பட்டன. 1952-இல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியா, இன்று பள்ளத்தியின் இடத்தையும் உணவையும் பறிக்கிறது. உள்ளூர் மீனேயானாலும் தொட்டியின் நோயைச் சுமந்து செல்லக்கூடும். சபையில் வேறொரு குடும்பத்துக்கோ, வாங்கிய கடைக்கோ கொடுத்துவிடுங்கள். எடுத்துச் செல்லும் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும். மீதி காற்றாக இருக்கட்டும்.