செம்மண் காயும் நாள்

தை மாதம் எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் மலைகளுக்குள் சைக்கிளை விட்டால், சக்கரத்தின் சத்தத்தைவிடச் சருகின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். மரங்கள் மொத்தமாக இலை உதிர்க்கும் காலம் அது. கிளைகளின் ஊடே வெயில் நேராகத் தரைக்கு இறங்கும், மண் காயும், பாதை பழுப்பாக மூடிக்கிடக்கும். சப்பிரகமுவத் தோட்டங்களில் மலைச் சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல காலம் எனக்குத் தெரியாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: சருகுக்கு அடியில் இருப்பது கல்லா, குறுக்குக் கானா என்று முன்சக்கரம் தொட்ட பிறகுதான் தெரியும்.

இந்தச் சைக்கிள் பிறந்தது கலிபோர்னியாவின் மரின் மலைகளில். 1976 அக்டோபரில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் ஒரு மண்பாதையில் இறங்கிப் போட்டி வைத்தார்கள். மிதியைப் பின்னுக்கு அழுத்தினால் பிடிக்கும் பிரேக், பின்சக்கரத்தின் குடத்துக்குள் இருந்தது. ஓர் இறக்கம் முடிவதற்குள் உள்ளே இருந்த கிரீஸ் கருகிப் புகைந்துவிடும்; குடத்தைக் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இருபதே ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், மலைச் சைக்கிள் ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது. இன்றைய வண்டியில் முன்கவட்டில் அதிர்வு தாங்கும் அமைப்பு இருக்கிறது, டயரில் மண்ணைக் கவ்வும் முண்டுகள் இருக்கின்றன. நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது டிஸ்க் பிரேக். விளிம்பைப் பிடிக்கும் பழைய பிரேக்கில் செம்மண் சேறு அப்பிக்கொண்டால் ரப்பர் கட்டையும் தேயும், விளிம்பும் தேயும், பிடிப்பும் குறையும். டிஸ்க் சக்கரத்தின் நடுவில் இருப்பதால் சேறு அங்கே அவ்வளவாக எட்டாது.

ஆனால் வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கடைசியில் பேசுவது மண்தான். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த பகுதிகளில் செம்புரைக்கல் நிறைய உண்டு. பிரான்சிஸ் புக்கானன் கேரளத்தின் அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைப் பார்த்து, 1807இல் வெளியான தம் பயணநூலில் 'லாட்டரைட்' என்று பெயரிட்டார். லத்தீனில் செங்கல் என்று பொருள். பூமிக்குள் இருக்கும்போது கருவியால் வெட்டி எடுக்கலாம், வெளியில் காயவிட்டால் இறுகிவிடும். இந்தக் கல் மேலே தெரியும் பாதையில் தண்ணீர் சீக்கிரம் வடியும்; சிறு பரல்கள் மட்டும் சக்கரத்துக்கு அடியில் உருளும். தேயிலைச் சரிவுகளின் களிமண் அப்படியல்ல. நனைந்தால் எண்ணெய் தடவியது போலாகிவிடும், டயர் முண்டுகளுக்கு இடையில் அடைத்துக்கொள்ளும், பத்தடி போவதற்குள் சக்கரமே வழுவழுப்பான உருளையாகிவிடும்.

இங்கே மழைக்குக் குறைவில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது என்றால், இரத்தினபுரியில் 3,500 மில்லிமீட்டருக்கும் மேல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவந்து சிவனொளிபாதமலைத் தொடரில் மோதி மேலேறுகிறது. குளிர்ந்து மலையடியிலேயே கொட்டிவிடுகிறது. 2,243 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடிவதும் இந்த மழையை ஒட்டித்தான். சைக்கிள்காரருக்கும் அந்த நாள்காட்டி போதும். அதிலும் ஜனவரி, பெப்ரவரிதான் உறுதியான மாதங்கள். மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வரும். விடியலில் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும்.

ஜூனில் ஓட்டியே ஆக வேண்டும் என்பவர்கள் இரத்தினபுரி மாவட்டத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. குருவிட்ட நனைந்து கிடக்கும் அதே வாரத்தில், மலைக்கு மறுபுறம் பெலிஹுல்ஓயாப் பக்கம் காற்று பலமாக அடிக்கும், மழை குறைவாக இருக்கும். இன்னும் தெற்கே எம்பிலிப்பிட்டிய உலர்வலயமே. ஆகஸ்ட், செப்டம்பரில் இறப்பர்க் காய்கள் வெடித்து வழுவழுப்பான கொட்டைகள் பாதையெங்கும் சிதறும். வளைவில் அவற்றின் மேல் பிரேக் பிடித்தால் கோலிக்குண்டுகள் மேல் நிற்பது போலத்தான். அட்டைக்கடி பற்றித் தோட்டத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். சவர்க்காரம் தேய்த்த காலுறை நல்ல தடுப்பு.

இந்தப் பாதைகளை யாரும் சைக்கிளுக்காக வெட்டவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மலையின் வளைவைப் பார்த்துப் பார்த்து வெட்டியவை அவை. உள்பக்கம் ஒரு கான், இடையிடையே தண்ணீர் கடந்துபோகக் குறுக்குக் கான் என்று பாதையோடு சேர்த்தே தண்ணீருக்கும் வழி செய்தார்கள். கான் வெட்டு தோட்டத்தில் இன்றைக்கும் தனி வேலை. ஈரமான இறக்கத்தில் பிரேக் பிடித்து இழுத்துப் போகும் சக்கரம் இரண்டு விரல் ஆழத்துக்குத் தடம் போடுகிறது. அடுத்த மழைக்கு அந்தத் தடமே ஓடை. ஓடை அரித்த மண் கானில் போய் அடைக்கும். அடைத்த கானிலிருந்து தண்ணீர் பாதையைக் குறுக்கே தாண்டிக் கீழே இறங்கும். கீழே பெரும்பாலும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம்தான் இருக்கும்.

சைக்கிள் தடம் மலையைச் சரித்துவிடாது. ஆனால் இது மழைத் தண்ணீரைக் கண்டு பயந்து வாழும் மண். 2016 மே 17இல் அரநாயக்கவிலும், புலத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்திலும் ஏற்பட்ட மண்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விழிப்பாக இருக்கச் சொல்கிறது. 150ஐத் தொட்டால் வெளியேறச் சொல்கிறது. முதல் எச்சரிக்கை வந்த நாளிலேயே வண்டி வீட்டில் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மற்ற நாட்களில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் உருட்டிப் பார்க்கலாம். திரியாக நீண்டால் திரும்பிவிடுங்கள், உதிர்ந்தால் போகலாம். செம்புரைக்கல் பாதைக்கு ஒரு நாள் வெயில் போதும், களிமண் சரிவுக்கு அதைவிட அதிகம் வேண்டும். குட்டை வந்தால் ஓரத்து மண்ணை மிதித்துக் கானை உடைக்காமல் நடுவிலேயே மெதுவாகப் போகலாம். கானில் இறங்கி மண் அள்ளிக்கொண்டிருப்பவரைக் கண்டால் வண்டியை நிறுத்தி, "மேல்மலை காஞ்சிருச்சாங்கண்ணே?" என்று கேளுங்கள். காலையில் அவர் அங்கிருந்துதான் இறங்கி வந்திருப்பார்.