பன்னிரண்டு மணிக் கச்சேரிக்கு ஒருமுறை வாருங்களேன்!

போன மார்கழியில் ஒரு மதியம். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபா. மேடையில் கல்லூரி மாணவி ஒருவர் தோடி ஆலாபனை செய்துகொண்டிருக்கிறார். அரங்கில் எத்தனை பேர் என்று சும்மா எண்ணிப் பார்த்தேன். 14 பேர். முன்வரிசையில் இருந்த ஐந்து பேரின் முகச்சாயலைப் பார்த்தாலே தெரிந்தது, பாடகியின் வீட்டார். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மீதி இருந்தவர்கள்தான் ரசிகர்கள்.

கச்சேரி முடிந்து வெளியே வந்தால் கேன்டீனில் உட்கார இடமில்லை. டோக்கன் வாங்க ஒரு வரிசை, இலைக்கு ஒரு வரிசை. சாம்பார் சாதத்துக்குக் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் ஒரு அரைமணி நேரம் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால், அந்தப் பெண்ணுக்கு அரங்கம் நிறைந்த ஒரு கைதட்டல் கிடைத்திருக்கும். இத்தனைக்கும் அது சாதாரணத் தோடி இல்லை. காந்தாரத்தை அவர் அசைத்த அசைவில் தூங்கிய பெரியவரே ஒருமுறை கண்ணைத் திறந்து, "பேஷ்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார்.

இதோ, அடுத்த சீசன் வருகிறது. மியூசிக் அகாடமியில் வழக்கம்போல டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை. ஆழ்வார்பேட்டையில் நாரத கான சபா, தி.நகரில் கிருஷ்ண கான சபா, வாணி மஹால், பாரத் கலாச்சார், மயிலையில் ரசிக ரஞ்சனி சபா, ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், ராகசுதா ஹால் என்று அச்சடித்த நிகழ்ச்சி நிரல்கள் வாட்ஸ்அப்பில் பறக்கத் தொடங்கிவிடும். கையில் கிடைத்ததும் நாம் என்ன செய்வோம்? மாலை ஆறரை, ஏழு மணிக் கட்டத்தில் யார் பெயர் என்று பார்ப்போம். டிக்கெட் கிடைக்குமா என்று பதறுவோம். அந்தத் தாளின் மற்ற கட்டங்களில் கண் படுவதே இல்லை. இந்த முறை கொஞ்சம் மற்ற கட்டங்களையும் பார்க்கலாம்.

பழையதிலும் பழையது

மயிலாப்பூரின் முதல் 'சீசன் அட்டவணை' எது தெரியுமா? 7-ம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைத் திருப்பதிகம் என்று சொல்வேன். பாம்பு தீண்டி இறந்துபோன பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தின் முன்நின்று, 'இந்த விழாவையெல்லாம் பார்க்காமலே போகலாமா?' என்று ஒவ்வொரு பாட்டிலும் ஒரு திருவிழாவைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதவாரியாக வருகிறது பட்டியல். செத்தவரையே எழுந்துவரச் சொல்லும் அளவுக்குப் போன விழா அழைப்பிதழ் உலகில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை!

அந்தப் பதிகத்துக்குரிய பண் சீகாமரம். இன்றைய நாதநாமக்கிரியா ராகத்தோடு அதைப் பொருத்திச் சொல்வார்கள். கபாலீசுவரர் கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடும் நேரத்தில் போய் நின்றால், 1,300 ஆண்டுகளுக்கு மேலாக இதே ஊரில் பாடப்பட்டுவரும் ஓர் இசை மரபை, டிக்கெட் இல்லாமல், மைக் தொல்லை இல்லாமல் கேட்கலாம். ஐரோப்பாவில் 400 வருஷத்துப் பழைய இசையை 'ஆதி இசை' என்று தனியே விழா எடுத்துக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அது கோயில் தூண் பக்கத்தில் தினசரி நடக்கிற காரியம். அதனாலேயே நாம் நின்று கேட்பதில்லையோ என்னவோ.

மார்கழி விடியற்காலையில் மாடவீதிக்கு இன்னொரு பெருமை உண்டு. பாபநாசம் சிவன் தன் குழுவோடு பாடியபடி கபாலி கோயிலின் நான்கு மாடவீதிகளையும் சுற்றிவந்த தெருக்கள் அவை. சபாவில் பாடப்படும் அவருடைய கீர்த்தனைகள் பலவும் இந்தக் கோயிலையும் கற்பகாம்பாளையும் பற்றியவை. இன்றும் பஜனைக் குழுக்கள் மார்கழியில் அந்த வீதிகளில் பாடிக்கொண்டு போகின்றன. ஆறு மணிக்குள் போய்விடுங்கள். பனிக்கு மப்ளர், கைக்கு ஃபில்டர் காபி, அவ்வளவுதான் செலவு.

பண், பழைய இசை இலக்கணம் இதிலெல்லாம் ஆர்வம் இருந்தால் பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றம்வரை போகலாம். தமிழ் இசைச் சங்கம் டிசம்பர் இசை விழாவோடு பண் ஆராய்ச்சியும் நடத்துகிறது. அகாடமியிலும் காலை எட்டு மணி வாக்கில் விளக்கவுரை நிகழ்ச்சிகள் உண்டு. பாடம் மாதிரி இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். மாலையில் மேடையில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் வித்வான்கள், காலையில் ஒரு ராகத்தின் ஒரே ஒரு ஸ்வரத்துக்காகக் குழந்தைகள்போல வாதாடுவதை அங்கேதான் பார்க்க முடியும்.

அன்றைய புதுமை

'சம்பிரதாயக் கச்சேரிதான் கேட்போம், இந்த ஃப்யூஷன் எல்லாம் நமக்கு ஆகாது' என்பவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களோடு சண்டை வேண்டாம். ஒரு கதை மட்டும் சொல்லுங்கள்.

கச்சேரியின் தொடக்கத்தில் அடிக்கடி கேட்கிறோமே, ஹம்சத்வனி... அது ராமசுவாமி தீட்சிதர் (1735-1817) புதிதாக உருவாக்கிய ராகம். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் முத்துசுவாமி தீட்சிதர். இன்னொருவர் பாலுசுவாமி தீட்சிதர். குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் தங்கியிருந்த காலத்தில், பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். வெள்ளைக்காரர்களின் பேண்டில் வாசிக்கப்பட்ட கருவி நம் கச்சேரி மேடைக்கு வந்த வழி அது. அண்ணன் முத்துசுவாமியும் சும்மா இருக்கவில்லை. கோட்டை பேண்டின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்களே, அவைதான். அதில் ஒன்று இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டு!

இன்றைக்கு வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை யாராவது வைத்தால், 'இதென்ன பரிசோதனை' என்று கேட்போம்.

வர்ணத்தில் தொடங்கி, சின்னச் சின்னக் கீர்த்தனைகள், ஒரு மெயின், ராகம் தானம் பல்லவி, துக்கடா, மங்களம் என்று நாம் 'சம்பிரதாயம்' என்று நம்பும் கச்சேரி வடிவமும் ஆதிகாலத்திலிருந்து வந்ததல்ல. அதைச் செதுக்கிப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைத்தான் (1890-1967) சொல்வார்கள். மைக்கும் அப்படி வந்ததுதான். அதற்கு முன்னால் பின்வரிசைக்கும் கேட்க வேண்டுமே என்று உச்ச சுருதியில் பாடினார்கள். மைக் வந்த பிறகு மென்மையான குரல்களுக்கும் மேடை கிடைத்தது. ஆனால் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்கு மைக் என்றாலே ஆகாது.

1981 சீசனில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் மின்சார மாண்டலினோடு சென்னை மேடையில் உட்கார்ந்தான். கமகம் எங்கே வரப்போகிறது என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். யு.ஸ்ரீநிவாஸ் வாசிக்க ஆரம்பித்த பிறகு அந்தக் கேள்வி என்ன ஆயிற்று என்பது ஊருக்கே தெரியும். கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் கதையும் அதேதான்.

ஆகவே, நிகழ்ச்சி நிரலில் விநோதமான ஒரு கூட்டணி கண்ணில் பட்டால் ஒதுக்காதீர்கள். இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுக் கூடங்களில் பேர்பெற்ற வயலின் கலைஞர் வி.எஸ்.நரசிம்மன் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் ஓர் உதாரணம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ராகம் கலையாமல் கீர்த்தனைக்கு மேற்கத்திய ஸ்வரக்கட்டு. தெரிந்த பாட்டு புது வெளிச்சத்தில் நிற்பதுபோல இருக்கும். எல்லாப் பரிசோதனையும் இப்படி அமையும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். டிரம்ஸ் சத்தத்தில் தலைவலியோடு வீடு திரும்பிய நாட்களும் உண்டு!

பழமையும் புதுமையும் ஒரே கருவியில் சந்திப்பதைப் பார்க்க வேண்டுமானால் யாழைத்தான் சொல்ல வேண்டும். சங்கப் பாடல்களிலும் சிலப்பதிகாரத்திலும் ஒலித்த யாழ் காலப்போக்கில் வழக்கொழிந்தது. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1947-ல் 'யாழ் நூல்' வெளியிட்டார். வெளிவந்த அடுத்த மாதமே மறைந்தும் போனார். இப்போது தருண் சேகர் போன்ற இளைஞர்கள் மரத்தைச் செதுக்கி, நரம்பு கட்டி யாழை மறுபடி செய்து வாசிக்கிறார்கள். அது ஆதி இசையா, சோதனை இசையா? எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

கடற்கரை மேடை

அடையாறு பக்கம் வந்தால் காட்சி மாறுகிறது. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முதல் வாரம்வரை போகும் கலை விழாவில், கேரளக் கூத்தம்பல பாணியில் கட்டிய அரங்கில் உட்காருவதே ஓர் அனுபவம். ருக்மிணி தேவி 1936-ல் அடையாற்றில் தொடங்கிய நிறுவனம் இது.

அங்கிருந்து சில கிலோமீட்டரில், பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டி ஊரூர் ஆல்காட் குப்பம். 2015-ல் அந்த மீனவர் குப்பத்தில் ஒரு விழா தொடங்கியது. சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன், பாடகர் டி.எம்.கிருஷ்ணா, இன்னும் பல தன்னார்வலர்கள், குப்பத்து மக்கள் எல்லோருமாகச் சேர்ந்து நடத்தினார்கள். ஒரே மேடையில் கர்நாடகக் கச்சேரி, பறையாட்டம், பரதம், வில்லுப்பாட்டு. வலை காயும் மணலில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டவர்களில் சபா வாசலே மிதிக்காதவர்களும் இருந்தார்கள், குப்பத்துக்குள் ஒருநாளும் கால்வைக்காத சபா ரசிகர்களும் இருந்தார்கள். அதே 2015-ல் கிருஷ்ணா, டிசம்பர் சீசனில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்தார். 2024-ல் சங்கீத கலாநிதி விருதோடு அகாடமி மேடைக்குத் திரும்பினார். நடுவில் நடந்த சர்ச்சைகளை நீங்கள் படித்திருப்பீர்கள். எனக்கு நினைவில் நிற்பது, பாட்டுக்கு நடுவே அலைச் சத்தம் கேட்ட அந்த மேடைதான்.

கொஞ்சம் நடைமுறைக் குறிப்புகள். மெட்ரோ வேலைகளால் லஸ் முனை, கச்சேரி சாலை, பனகல் பார்க் பக்கமெல்லாம் போக்குவரத்து எந்த நாளில் எப்படித் திரும்பும் என்று ஆட்டோக்காரருக்கே தெரியாது. (அந்தக் 'கச்சேரி' பாட்டுக் கச்சேரி இல்லை. அலுவலகம், நீதிமன்றம் என்ற பொருளில் வந்தது.) திருமயிலையிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறினால் திருவான்மியூரில் இறங்கலாம், கலாக்ஷேத்ராவுக்கு அங்கிருந்து ஆட்டோ. மாலை நட்சத்திரக் கச்சேரிகளுக்கு டிக்கெட் முன்பே வாங்கிவிடுங்கள். காலை, மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். கிழக்கு மாடவீதி பாரதிய வித்யா பவனில் மாலைக்கும் டிக்கெட் கிடையாது, நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து போகும் பழக்கத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு மணி நேரம் பாடகருக்காக உழைத்த மிருதங்கக்காரருக்குக் கிடைக்கிற பத்து நிமிஷம் அது.

சின்னக் குழந்தைகளை அழைத்துப்போவதென்றால் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா நல்ல இடம். அங்கே ஞாயிறு காலைகளில் சிறுவர் சிறுமியர் மைக் இல்லாமல் பாடும் கச்சேரிகள் நடப்பதுண்டு. வாக்கிங் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். ஜனவரியில், பொங்கலுக்கு முன்னால் மயிலாப்பூர் திருவிழாவும் இருக்கிறது. வடக்கு மாடவீதி முழுக்கக் கோலம்.

மதிய நேரக் கட்டத்தில் பெயர் வருவதற்காக ஒரு பிள்ளை பத்து, பன்னிரண்டு வருஷம் பாட்டு கற்றிருப்பான். பல இடங்களில் சன்மானம் ஆட்டோ செலவுக்கும் பக்கவாத்தியத்துக்குமே சரியாகப் போகும். பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிக்கு, அங்கிருந்து நாலு மணிக்கு என்று ஏறி வருவதற்கு அவனுக்கு இருக்கிற வழி, கேட்டவர்கள் வெளியே போய் நாலு பேரிடம் சொல்வதுதான்.

அந்தத் தோடிப் பெண்ணின் பெயரை நான் குறித்துவைத்திருக்கிறேன். இந்த வருஷ அட்டவணைகள் வந்ததும் முதலில் தேடப்போவது அதைத்தான். சாம்பார் சாதம் இரண்டு மணிக்கும் கிடைக்கும்.