வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி... 'வந்தே பாரத்' தந்த பெரம்பூர் சொல்லும் பாடம்!

மிக்ஸி லேசாகச் சத்தம் போட ஆரம்பித்தால், தெருமுனை மெக்கானிக்கைத் தேடுவதற்குள் போனில் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் வந்துவிடுகிறது. தலையணை உறை கிழிந்தால் புது செட். பட்டன் விட்டுப்போனால் புதுச் சட்டை. 'இதை நாமே செய்ய முடியாதா?' என்ற கேள்வி பல வீடுகளில் எழுவதே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டே பெயர் வாங்கிய ஊர் ஒன்று வடசென்னையில் இருக்கிறது. அது பெரம்பூர்!

பழுது பார்த்துப் பழகிய கைகள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அன்று இன்ஜின்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. அவற்றைக் கழற்றி, சரிசெய்து, மறுபடியும் ஓடவைக்கும் வேலை பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்களில் நடந்தது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதை, பழுது பார்த்தே கற்றுக்கொண்டார்கள் இங்குள்ள தொழிலாளர்கள்.

அடுத்த கட்டம், சொந்தமாகச் செய்வது. 1955 அக்டோபர் 2-ம் தேதி, பெரம்பூரில் ஐ.சி.எஃப் எனும் ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுத்தது ஒரு சுவிட்சர்லாந்து நிறுவனம். முதலில் பெட்டியின் வெளிக்கூடு மட்டும்தான் இங்கே தயாரானது. உள்ளே இருக்கை, விளக்கு, மின்விசிறி பொருத்தும் பிரிவு 1962-ல்தான் வந்தது. அப்படிப் படிப்படியாகக் கற்றவர்கள் இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைச் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

18 மாதங்களில் ஒரு ரயில்

தனி இன்ஜின் இல்லாமல், பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார் பொருத்தி ஓடும் அதிவேக ரயில் தேவைப்பட்டபோது, வெளிநாட்டிலிருந்து வாங்கலாம் என்ற பேச்சும் இருந்தது. 'நாமே செய்வோம்' என்று இறங்கியது அப்போதைய பொது மேலாளர் சுதான்ஷு மணி தலைமையிலான ஐ.சி.எஃப் குழு. 18 மாதங்களில், சுமார் 100 கோடி ரூபாயில், 16 பெட்டிகளுடன் 2018-ல் தயாரானது 'ட்ரெயின் 18'. சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கி.மீ வேகத்தைத் தொட்டது. 2019 பிப்ரவரியில் டெல்லி - வாரணாசி இடையே 'வந்தே பாரத்' என்ற பெயரில் ஓடத் தொடங்கியது.

அதிலும் சில பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவைதான். நாமே செய்வது என்றால் எல்லாவற்றையும் நாமே செய்வது அல்ல. முடிந்ததைச் செய்துகொண்டு, முடியாததை மட்டும் வாங்குவது.

கைவிட்டால் என்ன ஆகும்?

அதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. பெரம்பூரை ஒட்டியிருந்த பின்னி மில்லில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். காக்கித் துணிக்கும் பள்ளிச் சீருடைக்கும் பெயர்பெற்ற அந்த மில் 1996-ல் மூடப்பட்டது. துணி இன்றும் கடையில் கிடைக்கிறது. ஆனால், அந்தத் தறிகளோடு இருந்த கைப்பழக்கத்தை எந்தக் கடையில் வாங்குவது?

வீட்டிலும் இதே கதைதான். பட்டன் தைக்க, வடகம் போட, சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தெரிந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களிடம் கேட்டுக்கொள்ளாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு எல்லாமே கடைச்சரக்குதான்.

நீங்களும் தொடங்கலாம்!

பெரம்பூரின் வழியே போதும். முதலில் பழுது பார்ப்பது, பிறகு செய்வது. இந்த வாரம் ஒரு பட்டன், அடுத்த மாதம் ஒரு தலையணை உறை. மின்சாரப் பொருள் என்றால் மெக்கானிக்கிடமே கொடுங்கள்; அவர் கழற்றும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

விடுமுறையில் ஐ.சி.எஃப் அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள். 'இதெல்லாம் எங்கே வாங்கினாங்க?' என்று பிள்ளைகள் கேட்டால், 'வாங்கலை, இங்கேயே செஞ்சாங்க' என்று பல பெட்டிகளைக் காட்டிச் சொல்லலாம்!